தானாக முளைத்தது என்ன செடி? ஆப், ஆள், நூல், பொறுமை: எதை எதற்கு நம்பலாம்

ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தால் போதும். அடுத்த பத்து நாளில் தோட்டத்தில் நாம் விதைத்ததைவிட விதைக்காததே அதிகம் நிற்கும். மாடித் தோட்டமும் தப்பாது; தொழு உரத்திலும் செம்மண்ணிலும் நர்சரி நாற்றின் வேர்மண்ணிலும் களை விதை கூடவே வந்துவிடும். எதைப் பிடுங்குவது, எதை விடுவது, எதைச் சட்டியில் போடுவது என்று முடிவெடுக்க அது என்ன செடி என்று தெரிய வேண்டும். அதற்கு இன்று ஃபோன் ஆப் இருக்கிறது. இணையக் குழுக்களில் படம் போட்டுக் கேட்கலாம். ஊரில் மூத்தவர்களிடம் காட்டலாம். தாவர நூலை வைத்துப் பார்க்கலாம். பூக்கும்வரை வளரவிட்டு நாமே பார்க்கலாம்.

இதில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. அந்தச் செடியை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் வழியைத் தீர்மானிக்கும். பிடுங்கவா விடவா என்ற கேள்விக்குத் தோராயமான பதிலே போதும். தவறினால் ஒரு செடிதான் நஷ்டம். தொட்டால் அரிக்குமா, குழந்தை வாயில் வைத்தால் ஆபத்தா என்று அறிய, செடியின் குடும்பம் அல்லது பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) வரை தெரிந்தாலே பெரும்பாலும் எச்சரிக்கையாகிவிடலாம். சாப்பிடலாமா என்று கேட்டால் மட்டும் கணக்கே வேறு. பூவையோ காயையோ பார்த்திருக்க வேண்டும். ஒன்றை ஒன்று சாராத இரண்டு வழிகள் ஒரே இனத்தின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஆப்கள் ஒரே பெயரைச் சொன்னால் அது இரண்டு வழி ஆகாது. இரண்டுமே இணையத்தில் கிடக்கும் ஒரே மாதிரிப் படங்களைப் பார்த்துப் பழகியவை.

ஃபோன் ஆப்: எதில் எது நல்லது

கூகுள் லென்ஸ் எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. அதனால் முதலில் அதைத்தான் திறக்கிறோம். அது செய்வது ஒத்த படங்களைத் தேடுவது. நாம் எடுத்தது இலையா பூவா என்று கேட்காது, எந்த ஊர் என்று பொருட்படுத்துவதாகவும் தெரியவில்லை. இணையத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட அலங்காரச் செடிகளின் பக்கமாகவே சாய்கிறது. சாலையோரக் களைக்கு, விற்பனைக்கு வந்த ஏதோ வெளிநாட்டுத் தொட்டிச் செடியின் பெயரை அது சொல்வது அதனால்தான். முக்கியமான குறை, தெரியவில்லை என்று சொல்லத் தெரியாதது. துப்பு கிடைக்க உதவும், அவ்வளவே.

பிளான்ட்நெட் வேறு வகை. பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து 2009இல் தொடங்கிய திட்டம் இது. படம் போட்டதும் அது இலையா, பூவா, காயா, பட்டையா என்று குறிக்கச் சொல்லும். ஒரே செடியின் பல படங்களைச் சேர்த்தே தேட விடும். பதிலோடு மதிப்பெண்ணும் தரும். எந்தத் தாவரத் தொகுப்பில் தேடுவது என்ற இடத்தில் ‘உலகம்’ என்றிருப்பதை ‘இந்தியத் துணைக்கண்டம்’ என்று மாற்றிவிட்டால் பாதி அபத்தங்கள் அப்போதே கழிந்துவிடும். வீட்டுத் தோட்டக்காரர் ஒரே ஒரு ஆப் வைத்துக்கொள்வதென்றால் இதைத்தான் சொல்வோம்.

மதிப்பெண்ணைப் படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதல் பெயருக்கு 80, அடுத்ததற்கு 3 என்றால் நம்பிக்கை வைக்கலாம். முதலாவது 35, இரண்டாவது 30 என்றால் ஆப் தடுமாறுகிறது என்று பொருள். அப்போது முதல் மூன்று, நான்கு பெயர்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே பேரினமாக இருந்தால் பேரினம் சரி, இனம்தான் தெரியவில்லை. வெவ்வேறு குடும்பமாக இருந்தால் படத்தில்தான் கோளாறு. வேறு படம் எடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் பட்டப்படிப்புத் திட்டமாகத் தொடங்கியது. அதில் கணினி ஒரு பெயரைச் சொல்லும், பிறகு மனிதர்கள் பார்த்து ஒப்புக்கொள்வார்கள் அல்லது மறுப்பார்கள். குறைந்தது இரண்டு பேர், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், இனம்வரை ஒத்துப்போனால் அந்தப் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறும். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கணினி சொன்ன பெயரை நாம் போட்டிருப்போம். யாரோ ஒருவர் வேறு பெயர் சொல்வார். நமக்கு எதுவும் தெரியாமலே மரியாதைக்காக ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்துவோம். அந்த நொடியே ஆய்வுத் தரம் வந்துவிடும், உண்மையில் பார்த்தது ஒருவர்தான். அடையாளத்தை நீங்களே சரிபார்க்காதவரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

அங்கே பதிவு போடும்போது மறக்கக் கூடாத இரண்டு: நீங்கள் நட்ட செடி என்றால் ‘வளர்க்கப்பட்டது’ என்று குறிக்க வேண்டும், தானாக முளைத்தது என்றால் குறிக்கக் கூடாது, குறிப்பில் ‘தோட்டத்தில் தானாக முளைத்தது’ என்று எழுதினால் போதும். மற்றது, வீட்டு இருப்பிடத்தை மறைத்துவிடுவது. மறைத்தால் வரைபடத்தில் புள்ளி சுமார் 20 கிலோமீட்டர் சுற்றில் எங்கோ விழும். எந்த வட்டாரம் என்பது மட்டும் தெரியும், செடியைச் சொல்ல அதுவே போதும். அதே நிறுவனத்தின் சீக் ஆப்பில் கணக்கு தொடங்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கு ஏற்றது. நிச்சயமில்லாதபோது பேரினத்தோடு நின்றுகொள்ளும். அந்த அடக்கம் லென்ஸுக்கு இல்லை.

எந்த ஆப்பாக இருந்தாலும் படம்தான் பாதி விடை. காலை வெயில் ஏறுமுன், நிழலில் எடுங்கள். உச்சி வெயிலில் இலை நரம்பு வெளுத்துப்போகும். ஆறு படம் வேண்டும்: தரையோடு முழுச் செடி, இலை தண்டில் சேரும் கணு, இலையின் அடிப்பக்கம், பூ முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், காய். ஒரு படத்திலாவது பள்ளிக்கூட ஸ்கேலை அருகில் வையுங்கள். கடுகளவு பூவில் ஃபோன் கேமரா நிற்காமல் பின்னால் உள்ள மண்ணுக்கு ஓடும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கையையோ கறுப்பு அட்டையையோ பிடித்தால் பூவில் நிற்கும். ஒரே சட்டத்துக்குள் மூன்று செடி இருந்தால் ஆப் எதைப் பார்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நாற்றுப் பருவத்தில் எந்த ஆப்பும் தேறாது, ஏனென்றால் அவை பழகிய படங்களில் பெரும்பாலானவை பூத்த செடிகள்.

ஆளைக் கேட்பது

கீரைக்கார அம்மா, களை எடுக்க வருபவர், சித்த மருத்துவம் தெரிந்த பெரியவர்: இவர்களிடம் ஆப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டு இலைப் பருவத்திலேயே செடியைச் சொல்வார்கள். எந்த மண்ணில் வரும், எந்த மாதம் வரும், ஆடு தின்னுமா என்பதும் தெரியும். சமைக்கும் பக்குவமும் சேர்ந்தே வரும்.

குறை இரண்டு. ஒன்று, பெயர் ஊருக்கு ஊர் மாறும். சாரணை என்றால் ஓர் ஊரில் சதைப்பிடிப்பான இலையுள்ள ஒரு செடி, இன்னோர் ஊரில் மூக்கிரட்டை. ஆகவே பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து இணையத்தில் தேடாதீர்கள், செடியைக் காட்டி, “இதை நீங்க சமைச்சிருக்கீங்களா? எந்தப் பகுதியை?” என்று கேளுங்கள். இரண்டாவது, புதிதாக வந்த செடிகள் அவர்களுக்கும் புதிதுதான். பார்த்தீனியம் இந்தியாவில் புனே பக்கம் கவனிக்கப்பட்டதே 1950களின் நடுவில். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று வாய்க்கால் ஓரமெல்லாம் படர்ந்திருக்கும் மும்மடல் இலை வெடேலியாவைப் பலர் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கைகாட்டிவிடுகிறார்கள். இலையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடல் துருத்தி, மொத்தம் மும்மடலாகத் தெரிந்தால் அது வெடேலியா. மடல் இல்லாமல் நீண்ட இலை, சற்றுச் சிறிய பூ என்றால்தான் மஞ்சள் கரிசலாங்கண்ணி.

நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த சருகோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம். காய்ந்ததில் பூ உதிர்ந்திருக்கும், நிறம் போயிருக்கும், கலப்படமும் இருக்கும்.

இணையத்தில் கேட்பதென்றால் பொதுவான தோட்டக் குழுக்களைவிடத் தாவரவியலாளர்கள் உலவும் இடங்கள் மேல். 2007இல் தொடங்கிய இஃப்ளோரா ஆஃப் இந்தியா அப்படி ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் பதில் பத்து நிமிடத்தில் வரும், ஆனால் முதலில் சொன்னவரின் பதிலையே அடுத்தடுத்தவர்கள் வழிமொழிவார்கள். பெயரைச் சொல்பவரிடம் “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். கணு, காம்பு, காய் என்று எதையாவது சுட்டினால் அவர் பார்த்துச் சொல்கிறார்.

நூலும் ஹெர்பேரியமும்

தமிழ்நாட்டுச் செடிகளுக்குப் பழைய ஆதாரம் கேம்பிள் 1915இல் தொடங்கி ஃபிஷர் 1936இல் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படம் கிடையாது, மொழி ஆங்கிலம், பெயர்களில் பல இன்று மாறிவிட்டன. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலிருந்து (உலர்த்திய செடிகளைப் பெயரிட்டுச் சேர்த்து வைக்கும் இடம்) கே.எம். மாத்யூ 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ‘தமிழ்நாடு கர்நாடிக்’ தாவரத் தொகுதிகளில் (கர்நாடக மாநிலம் அல்ல) கோட்டோவியங்கள் உண்டு. அவரே 1991இல் மத்தியத் தமிழ்நாட்டுக்கென்று ஒரே தொகுதியாகவும் ஒரு கள நூல் தந்தார். வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும், நூலகத்தில் கிடைத்தால்.

இந்த நூல்களின் உயிர் அடையாளத் திறவுகோல். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வாக்கியம் இருக்கும். செடியைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தால் அது அடுத்த எண்ணுக்கு அனுப்பும். பழகாதவர் முதலில் தடுக்கி விழும் இடம் சூரியகாந்திக் குடும்பம். கரிசலாங்கண்ணியின் வெள்ளைப் ‘பூ’ ஒரு பூ அல்ல, பல சிறு பூக்கள் கூடிய கொத்து. ஓரத்தில் இதழ் மாதிரி இருப்பவையும் தனிப் பூக்களே. அவற்றை இதழ் என்று எண்ணினால் திறவுகோல் வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்துவிட்டால் எளிது. கரிசலாங்கண்ணிக்கு இலை நீண்டு, காம்பு இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். உள்ளங்கையில் கசக்கித் தேய்த்தால் சிறிது நேரத்தில் சாறு கறுக்கும். வெட்டுக்காயப் பூண்டுக்கு இலை ஓரம் முரட்டுப் பற்களாக இருக்கும். பூக்கொத்து ஒற்றையாக, ஒரு சாணுக்கும் மேல்கூட நீளும் காம்பின் நுனியில் நிற்கும். நடுவில் மஞ்சள், ஓரப்பூ வெளிர் நிறம், அதன் நுனி மூன்றாகப் பிளந்திருக்கும். விதைக்கு இறகுக் குஞ்சம் உண்டு, ஊதினால் பறக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முளைக்கும், ஆனால் காம்பைப் பார்த்தவர் குழம்ப மாட்டார்.

நூலோடு 10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று வேண்டும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது மாதிரி. லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துச் செடியை அருகில் கொண்டுவர வேண்டும்; செடிக்கு ஒட்டிப் பிடித்து எட்ட நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஹெர்பேரியம் கடைசிப் படி. கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், திருச்சி ராபினாட், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றில் ஹெர்பேரியங்கள் உண்டு. சாதாரணக் களைக்காக அங்கே போக வேண்டியதில்லை. விற்பனைக்கு மருந்துச் செடி பயிரிடுகிறீர்கள், அல்லது எந்த வழியிலும் பிடிபடாத செடி என்றால் போகலாம். நடைமுறையையும் கட்டணத்தையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பூவும் காயும் வேரும் உள்ள செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே விரித்துப் பாரம் ஏற்றி, முதல் சில நாள் தினமும் தாளை மாற்றி உலர்த்த வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும், அதனால் பறித்த அன்றே நிறம், இடம், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள்.

வளரவிட்டுப் பார்ப்பது

செலவில்லாத வழி இதுதான், எங்கள் கணக்கில் முதல் இடமும் இதற்கே. ஒரே மாதிரி முளைத்தவற்றில் நன்றாக உள்ள ஒன்றை வேர்மண்ணோடு எடுத்து ஒரு சிறு தொட்டியில் வைத்து, தேதி எழுதிய குச்சியைச் செருகுங்கள். மற்றவற்றைப் பிடுங்கிவிடுங்கள். களைகள் அவசரக்காரர்கள், சாரணை போன்றவை முளைத்த மூன்று, நான்கு வாரத்தில் பூத்துவிடும். அதன்பின் எடுக்கும் படத்துக்கு ஆப்பும் ஆளும் நூலும் சொல்லும் பதிலே வேறு தரத்தில் இருக்கும்.

இடைப்பட்ட நாளில் கைச் சோதனைகள் செய்யலாம். தண்டை விரலிடையே உருட்டுங்கள்: முக்கோணமாகத் தட்டுப்பட்டால் கோரை வகை, உருண்டையாகக் கணுவோடு இருந்தால் புல். கோரை என்றால் மேலே பிடுங்கிப் பயனில்லை. கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாகத் தொடரும், மண்வெட்டியால் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். இலையைக் கிள்ளுங்கள்: பால் வந்தால் கையைக் கண்ணருகே கொண்டுபோகாமல் கழுவிவிடுங்கள். இலைகள் எதிரெதிரா மாற்றி மாற்றியா, ஜோடி இலை இரண்டும் ஒரே அளவா, கணுவில் முள் உண்டா என்று பாருங்கள். குப்பைக்கீரைக்கும் முள்ளுக்கீரைக்கும் இளம் இலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வளர்ந்ததும் முள்ளுக்கீரையின் கணுவில் இரண்டு கூர்முள் நிற்கும். சுவைத்துப் பார்ப்பது சோதனை அல்ல, ஒரே ஒரு விதிவிலக்கைப் பின்னால் சொல்கிறோம்.

வளரவிடக் கூடாத செடி பார்த்தீனியம். அது பூத்துவிட்டால் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஆயுளுக்கும் தொல்லை. இளம் பருவத்தில் தரையோடு அப்பிய வட்டமாக, ஆழமாகப் பிளந்த சாம்பல் பச்சை இலைகளோடு இருக்கும். கேரட் நாற்று என்றும் செவ்வந்தி என்றும் நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. கேரட் இலை மெல்லியதாக நிமிர்ந்து நிற்கும், கசக்கினால் கேரட் வாசம் வரும். செவ்வந்தி தரையில் வட்டமாக அப்பாது. சந்தேகம் என்றால் ஈர மண்ணில், கையுறை போட்டு, வேரோடு எடுத்துவிடுங்கள். இதற்கு இனம்வரை நிச்சயம் தேவையில்லை.

எல்லா வழியும் திணறும் செடிகள்

கீழாநெல்லியில் ஆப், ஆள் இரண்டுமே சறுக்கும். இலைக் கிளையின் அடியில் வரிசையாகச் சிறு காய் தொங்கினால் கீழாநெல்லி என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த வரையறைக்குள் தமிழ்நாட்டில் பல இனங்கள் அடங்கும். ஆப் பெரும்பாலும் ‘ஃபைலாந்தஸ் நிருரி’ என்று காட்டும், ஏனென்றால் கேம்பிள் உட்பட பழைய இந்திய நூல்கள் அந்தப் பெயரையே போட்டிருந்தன. உண்மையான நிருரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் மருந்தில் விரும்பப்படுவது ஃபைலாந்தஸ் அமாரஸ்.

மடக்கு லென்ஸை எடுத்துக் காயின் காம்படியில் உள்ள சிறு பச்சை மடல்களை எண்ணுங்கள். ஐந்து என்றால் அமாரஸ். கிளை நுனிப்பக்கக் கணுக்களில் ஓர் ஆண்பூவும் ஒரு பெண்பூவும் சேர்ந்தே இருப்பதையும் பார்க்கலாம். ஆறு என்றால் ஃபிராட்டர்னஸ் அல்லது டெபிலிஸ். காய் வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று, கிட்டத்தட்ட காம்பே இல்லாமல் ஒட்டியிருந்து, தண்டும் சிவந்திருந்தால் யூரினேரியா, சிவப்புக் கீழாநெல்லி என்பார்கள். ஒரு காயோடு நிறுத்தாமல் ஐந்தாறு காயில் எண்ணுங்கள், மடல் உதிர்ந்த காயும் இருக்கும். கடையில் கீழாநெல்லி என்று விற்பதில் பல இனங்கள் கலந்திருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். மஞ்சள் காமாலை என்றால் எந்த வகைக் காமாலை என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்காமல் எந்த நெல்லியையும் அரைக்க வேண்டாம்.

பருப்புக்கீரையைத் தேடிப் போய்ச் சாரணையைப் பறிப்பது அடுத்த குழப்பம். இரண்டும் தரையில் படரும், இரண்டுக்கும் சதைப்பிடிப்பான இலை, சிவந்த தண்டு. பருப்புக்கீரையின் இலைகள் நுனியில் கூட்டமாக நெருங்கும், காலையில் மஞ்சள் பூ விரியும், காய் மூடி கழன்ற சிமிழ் போலத் திறந்து கருப்பு மணி விதை கொட்டும். சாரணைக்கு இலைகள் எதிரெதிர் ஜோடி. ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இலைக்காம்பின் அடி அகன்று பை போலத் தண்டைப் பிடித்திருக்கும். வெளிர் சிவப்பு அல்லது வெள்ளைப் பூ அந்தப் பைக்குள்ளேயே புதைந்திருக்கும். ஒரு கணுவைப் பிரித்துப் பார்த்தாலே விஷயம் முடிந்தது.

மூக்கிரட்டைக்கும் ஜோடி இலை அளவு மாறும், ஆனால் பை கிடையாது. இலையின் அடி வெளுத்திருக்கும், பூங்கொத்து மெல்லிய காம்புகளில் வெளியே விரிந்து நிற்கும், காய் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும், வேர் தடித்து ஆழமாக இறங்கும். சித்திரப்பாலாடையும் இதே மாதிரித் தரையில் அப்பும். தண்டை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும், மற்ற மூன்றிலும் வராது. பருப்புக்கீரையிலும் சாரணையிலும் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

பொன்னாங்கண்ணியில் ஆப் பேரினத்தைச் சரியாகப் பிடித்துவிடும், இனத்தில் நழுவும். நாட்டுப் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூவுருண்டை இலைக் கணுவில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். பூவுருண்டை தனிக் காம்பில் வெளியே நின்று, தண்டும் உள்ளே குழலாக இருந்தால் அது நீர்நிலைகளை அடைக்கும் முதலைக் களை. பிடுங்கிய துண்டைச் சாக்கடையில் போட்டால் அங்கே வேர்விடும். தரையோடு படர்ந்து பூவுருண்டை முள்ளாகக் குத்தினால் முள் பொன்னாங்கண்ணி.

மணத்தக்காளியை ஆப்பில் பார்த்துவிட்டு ஆங்கிலப் பக்கங்களைப் படித்தவர்கள் பயந்து பிடுங்கிவிடுகிறார்கள். அங்கே சொல்லும் கொடிய பெல்லடோனா வேறு செடி. அதன் பழம் ஒற்றையாக, பெரிய ஐந்து மடல் புல்லிவட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். நம் சமவெளித் தோட்டத்தில் அது தானாக முளைக்காது. மணத்தக்காளிப் பழம் நாலைந்தாகக் கொத்தில் தொங்கும், பூ சிறியது, வெள்ளை. பச்சைக் காயைப் பறித்து அப்படியே தின்னக் கூடாது, சோலனின் என்ற நஞ்சு இருக்கும்.

பயப்பட வேண்டியது ஊமத்தைக்கு. கீரைப் பாத்தியில் இளஞ்செடியாக முளைத்துக் கைப்பிடி அறுப்போடு வந்துவிடும். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடைக் கீரையில் ஊமத்தை இனம் கலந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஊமத்தை இலையின் அடி இருபுறமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். கசக்கினால் வாடை குமட்டும். கத்தரி நாற்றோ என்று குழம்பினால் தொட்டுப் பாருங்கள், கத்தரி இலையில் மெல்லிய ரோமம் சொரசொரக்கும்.

ஆடுதீண்டாப்பாளையைச் சரியாக அடையாளம் கண்டாலும் வாயில் வைக்கக் கூடாது. கரிசல் மண்ணில், சாம்பல் பூத்த இதயவடிவ இலையோடு, தரையில் படரும். பூக்காம்பில் குட்டி இலை ஒன்று தனியாக ஒட்டியிருக்கும். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் வரவைக்கும். அழகிய சிவப்புடல் வண்ணத்துப்பூச்சிகளுக்கு முட்டையிட அது வேண்டும், அதனால் ஓர் ஓரமாக விட்டுவிடலாம். குப்பைமேனியையும் கசாயமாகக் குடிக்குமுன் யோசிக்க வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைக்கும். இலங்கையில் கஞ்சியில் போட்டுக் குடித்தவர்களிடம் இது பதிவாகியிருக்கிறது.

சுவைத்துப் பார்க்கலாம் என்ற அந்த ஒரே விதிவிலக்கு சமையல் குப்பையிலிருந்து தானாக முளைத்த சுரை, பீர்க்கு, வெள்ளரி. இலையும் பூவும் காயும் சுரை என்றே சொல்லும். ஆப், ஆள், நூல் மூன்றும் சரியாகவே பெயர் தரும். காய் மட்டும் விஷமாக இருக்கக்கூடும். விதை தந்த தாய்ச்செடியில் அயல் மகரந்தம் சேர்ந்திருந்தாலோ, செடி வறட்சியில் தவித்தாலோ குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு ஏறிவிடும். ஒரு சிறு துண்டை நுனிநாக்கில் வைத்துக் கசப்பென்றால் துப்பிவிட்டு, அந்தக் காயை மட்டுமல்ல, அந்தக் கொடியையே எடுத்துவிடுங்கள். சமைத்தாலும் கசப்பு போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து இந்தியாவில் உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது.

யாருக்கு எது

அடுப்படிக்குப் போகாத செடி என்றால் பிளான்ட்நெட்டும் கைச் சோதனையுமே போதும். கீரைக்காகத் தேடுபவர்கள் ஒரு செடியைத் தொட்டியில் பூக்கவிட்டு, கீரைக்காரம்மாவிடம் செடியாகவே காட்டி, ஆப்பில் பூப்படத்தோடு சரிபார்க்கலாம். இரண்டும் ஒத்தால் சமைக்கலாம், முதல் தடவை கொஞ்சமாக. மருந்துக்கு என்றால் மடக்கு லென்ஸும் நூலும் இல்லாமல் முடியாது. பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் போல வேறில்லை. பதிலுக்குச் சில நாளோ சில வாரமோ ஆகலாம்.

வீட்டில் யாராவது தெரியாத செடியைத் தின்றுவிட்டால் அடையாளம் காண உட்காராதீர்கள். வாயில் மிச்சம் இருந்தால் துப்பச் சொல்லி, வாய் கொப்பளிக்கச் செய்து, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆப் சொன்ன பெயரை மட்டும் சொல்லாமல், தின்ற செடியின் மிச்சத்தை வேர், பூ, காயோடு ஒரு காகித உறையில் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வெந்து கூழாகிவிடும்.